இருபதாவது பெயர்

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தோம். விடுமுறையில் தண்ணீர்த் தொட்டிக் குழாயை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போன வருடமும் இதே குழாய்தான் போனது. எடுத்தவர் யார் என்று ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். கேட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வராது. ஒரு பிள்ளையை இழக்கிற நிலையில் நான் இல்லை. புதுக் குழாய் வாங்கி மாட்டியாயிற்று.

வருகை பதினாறு. பெயர்ப் பட்டியலில் பதினெட்டு. போன வருடம் இருபத்து நான்கு இருந்தது. ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறு பேர் போனார்கள். கோழிப்பண்ணையில் வேலை பார்த்த ஒரு ஒடியாக் குடும்பம் இரண்டு பிள்ளைகளோடு ஊருக்குத் திரும்பிவிட்டது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது இரண்டே இரண்டு.

ஜெபராணி காலையிலேயே வந்து இரண்டு அறையையும் கூட்டி, கரும்பலகையில் பூ வரைந்து வைத்திருந்தாள். ஊஞ்சக்காட்டுப்புதூர் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் என்று இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். தலைமையாசிரியர் நான், இடைநிலை ஆசிரியர் அவள். ஒன்று முதல் மூன்று வரை அவளுக்கு, நான்கும் ஐந்தும் எனக்கு.

ஜூன் 5, வியாழன்

புள்ளிவிவரப் படிவம் அனுப்பினேன். வகுப்பு வாரியாக, ஆண் பெண் வாரியாக, சாதி வாரியாக, தாய்மொழி வாரியாக. தமிழ் பதினொன்று. ஒடியா ஏழு. படிவத்தில் ஒடியாவுக்குத் தனிக் கட்டம் இல்லை, 'பிற' என்றுதான் இருக்கிறது. ஏழு பிள்ளைகளையும் பிறவில் தள்ளினேன்.

இன்று ஜூன் ஐந்து, பதிவேட்டின்படி எனக்குப் பிறந்தநாள். ஐம்பத்தொன்பது முடிந்தது. அடுத்த ஜூனில் ஓய்வு. உண்மையில் நான் பிறந்தது பங்குனியில், அதுவும் அதற்கு அடுத்த வருடம். என்னைப் பள்ளியில் சேர்த்த வாத்தியார், வரிசையில் நின்ற அத்தனை பிள்ளைகளுக்கும் ஜூன் ஐந்து என்றே எழுதிவிட்டார். என் வகுப்பில் ஒன்பது பேருக்கு ஒரே நாளில் பிறந்தநாள். அவர் எழுதியதால்தான் நான் பள்ளியில் சேர்ந்தேன், அவர் எழுதியதால்தான் பத்து மாதம் முன்னாலேயே வீட்டுக்கும் போகப்போகிறேன். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஜெபராணி கேசரி செய்துகொண்டு வந்தாள். இந்தப் பொய்ப் பிறந்தநாளை எட்டு வருடமாக அவள்தான் கொண்டாடுகிறாள்.

ஜூன் 10, செவ்வாய்

வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ அதை வைத்துத்தான் ஆசிரியர் எண்ணிக்கை. எங்கள் வட்டாரத்தில் இருபதுக்குக் கீழே போன பள்ளிக்கு இனி ஓர் ஆசிரியர்தான் என்று அலுவலர் சொன்னார். என்னைப் பார்த்துச் சொன்னமாதிரி இருந்தது.

ஐந்து வகுப்பு, ஓர் ஆள். வாசிக்கத் தெரியாத பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் சொல்லித்தர வேண்டும். எனக்கு மூட்டு வலி வேறு. எப்படியாவது இன்னும் இரண்டு பிள்ளை பிடிக்க வேண்டும். பிள்ளைகளுக்காகத்தான் சொல்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

சாயங்காலம் நானும் ஜெபராணியும் வீடு வீடாகப் போனோம். துண்டறிக்கை, சீருடை இலவசம், காலை உணவு, மதியம் முட்டை, எல்லாம் சொன்னோம். முட்டை என்றதும் ஒரு வீட்டில் சிரித்தார்கள். சுற்றிலும் கோழிப்பண்ணை உள்ள ஊரில் முட்டையைக் காட்டி ஆள் பிடிக்கப் போனது என் தப்புதான்.

கோமதி வீட்டில் இரட்டைப் பிள்ளைகள், பெண்ணும் பையனும். இருவரும் மஞ்சள் வேனில் டவுன் பள்ளிக்குப் போகிறார்கள். இரண்டாம் வகுப்பு. கோமதி மோர் கொடுத்து உட்காரவைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங் டீச்சர், உங்க பையன் எங்கீங் படிச்சான்?"

"நாமக்கல்ல."

"கவர்மெண்டு ஸ்கூலுங்களா?"

நான் மோரைக் குடித்தேன். ஜெபராணிதான், "அவங்க வேற ஊர்ல வேலையா இருந்தாவ, அதான் ஹாஸ்டல்ல விட்டாவ," என்று என்னைக் காப்பாற்றினாள். அது முழுப் பொய். வாயைக் கொடுத்து வாங்கிக்கட்டிக்கொள்வது என்பது இதுதான். வெயில் அதிகமாக இருந்ததால் அதோடு திரும்பிவிட்டோம்.

ஜூன் 15, ஞாயிறு

மகன் போன் செய்தான். மூன்று நிமிடம். நலம்.

ஜூன் 19, வியாழன்

ஒரு பிள்ளை சேர்ந்தது. பண்ணைக் காவலுக்கு வந்திருக்கும் தர்மபுரிக்காரர் மகன், மூன்றாம் வகுப்பு. பத்தொன்பது.

சமையல் பாவாயியிடம் சொன்னேன், நாளையிலிருந்து ஒரு முட்டை கூட வேகவை என்று. "இன்னும் ஒண்ணுதானுங் டீச்சர், புடிச்சரலாம்," என்றாள். ஊரே எண்ண ஆரம்பித்துவிட்டது.

ஜூலை 3, வியாழன்

ஜெபராணிக்கு மாவட்ட மாறுதல் ஆணை வந்திருக்கிறது. சாத்தான்குளம் பக்கம், அவள் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர். ஐந்து வருடமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள், நான்தான் ஒவ்வொரு வருடமும் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். இந்த வருடம் கிடைத்துவிட்டது.

ஆனால் இரண்டு பேர் உள்ள பள்ளியிலிருந்து ஒருவரை விடுவிக்க வேண்டுமானால் பதிலுக்கு ஓர் ஆள் வந்து சேர வேண்டும். ஆள் வராதவரை ஆணை பீரோவில்தான் இருக்கும். இந்தக் காட்டுக்கு யார் வருவார்கள்? பஸ் ஒரு நாளைக்கு நான்கு தடவை. பக்கத்துப் பள்ளியில் இப்படி ஆணையை வைத்துக்கொண்டு ஒருவர் மூன்று வருடம் காத்திருக்கிறார்.

அவள், "பாப்போம் டீச்சர்," என்றாள். இரண்டாம் வகுப்புக்குப் பாட்டுச் சொல்லித்தரப் போய்விட்டாள். மதியம் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தாள். வியாழக்கிழமை நான் கவிச்சி சாப்பிடமாட்டேன் என்பதையே மறந்துவிட்டாள், பாவம்.

ஜூலை 9, புதன்

ஜெபராணியின் மகள் அக்சாவுக்கு மூன்றரை வயது. மதிய இடைவேளையில் தினமும் வீடியோவில் வருவாள். பிள்ளையை ஒரு வயதில் இங்கே கொண்டுவந்து ஆறு மாதம் வைத்துப் பார்த்தாள். பண்ணைத் தூசியில் பிள்ளைக்கு இளைப்பு வந்து, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, கடைசியில் கணவனின் அக்கா கிரேஸிடம் விட்டுவிட்டு வந்தாள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கிறாள்.

அந்தப் பிள்ளை கிரேஸை 'அம்மா' என்கிறது. இவளை 'ஜெபா' என்கிறது. வீட்டில் எல்லோரும் அப்படிக் கூப்பிடுவதால் அதுவும் அப்படியே கூப்பிடுகிறது. ஜெபராணி இதைச் சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடச் சிரிப்பேன்.

ஜூலை 16, புதன்

மழை. ஐந்தாம் வகுப்பு மூலையில் ஒழுகுகிறது. வாளி வைத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

நான்காம் வகுப்பு பிகாஷ் ஒடியாப் பையன். அவன் தங்கை ரஷ்மிதா தினமும் அவனோடு வந்து ஜெபராணி வகுப்பு வாசலில் உட்கார்ந்துகொள்கிறாள். அம்மாவும் அப்பாவும் முட்டை பொறுக்கப் போய்விடுவதால் வீட்டில் பார்க்க ஆளில்லை. ஜெபராணி அவளை உள்ளே கூட்டி உட்காரவைத்து, சிலேட்டு கொடுத்து, தலை வாரி ரிப்பன் கட்டிவிடுகிறாள். இன்று அந்தக் குட்டி 'அ' எழுதிக் காட்டியது. சுழி திரும்பி இருந்தது, ஆனாலும் 'அ'தான்.

பத்தொன்பதும் ஒன்றும் இருபது. இத்தனை நாள் எனக்குத் தோன்றாமல் போனதே.

ஜூலை 24, வியாழன்

ரஷ்மிதாவின் அம்மாவை வரச்சொன்னேன். பிகாஷ்தான் மொழிபெயர்ப்பு. பிள்ளைக்கு ஆதார் இல்லை, பிறப்புச் சான்றிதழ் ஊரில் இருக்கிறது, கிடைக்குமா என்று தெரியாது.

"எப்பப் பொறந்துச்சுன்னு கேளு."

அவன் கேட்டான். அந்தம்மா விரல்விட்டு எண்ணி ஏதோ சொன்னாள்.

"தீபாவளிக்கு முன்ன வாரமாம் டீச்சர். கொரோனா வந்த வருசம்."

அப்படியானால் நாலு வயது எட்டு மாதம். இந்த மாதம் முப்பத்தொன்றுக்குள் ஐந்து முடிந்திருந்தால்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். நான்கு மாதம் போதவில்லை.

சான்றிதழ் இல்லாத பிள்ளைக்குப் பெற்றோர் வாய்மொழியே போதும். அதை எழுதுவது நான்.

ஜூலை 25, வெள்ளி

சேர்க்கைப் பதிவேட்டில் எழுதினேன். ரஷ்மிதா, தாய்மொழி ஒடியா, பிறந்த தேதி ஜூன் 5. வேறு தேதி கைக்கு வரவில்லை. அவள் அம்மா கைநாட்டு வைத்தாள்.

இருபது.

கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலையெல்லாம் போன் வழியாக ஜெபராணிதான் செய்வாள், எனக்கு அதில் எழுத்துகள் தெரிவதில்லை. பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"டீச்சர், இவ தீபாவளிப் பிள்ளைல்லா?"

"பதிவேட்டுல என்ன இருக்குதோ அதப் போடு கண்ணு."

"சரி டீச்சர், போட்டுருதேன்," என்றாள். போட்டாள். ரஷ்மிதாவைக் கூப்பிட்டு, "இனிமே நீ வாசல்ல உக்காரப்பிடாது, ஒனக்கு உள்ள எடம் இருக்கு," என்றும் சொன்னாள்.

நான் செய்தது ஊரில் எல்லா வாத்தியாரும் காலங்காலமாகச் செய்ததுதான். இனி இரண்டு ஆசிரியர் இடமும் இருக்கும். பிள்ளைகளுக்கு நல்லது. பாவாயி முட்டைத் தட்டைக் காட்டி, "இருவதுங் டீச்சர்," என்று சிரித்தாள்.

ஜூலை 27, ஞாயிறு

மகன் போன் செய்யவில்லை. வேலை இருந்திருக்கும். நாளைக்கு அரிசியும்பருப்புச் சாதம் செய்யலாம், ஜெபராணிக்குப் பிடிக்கும்.

ஜூலை 29, செவ்வாய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சாயங்காலம் முழுக்க யோசித்தேன். எழுதுகிறேன்.

மதியம் ஜெபராணி பிள்ளைகளுக்கு முட்டை பரிமாறப் போயிருந்தாள். அவள் போன் என் மேஜையில் அடித்தது. வழக்கமான வீடியோ அழைப்பு. அவளைக் கூப்பிட்டேன், சத்தத்தில் கேட்கவில்லை. பிள்ளை ஏமாந்துபோகுமே என்று நானே எடுத்தேன்.

"ஜெபா எங்க?"

"சோறு போட்டுட்டு இருக்காங்க கண்ணு. இப்ப வந்துருவாங்க."

அக்சா என்னை உற்றுப் பார்த்தாள். "நீங்கதான் பெரிய டீச்சரா?"

"ஆமா."

"எங்க ஜெபாவ நீங்கதான் வச்சிருக்கீங்களா?"

கிரேஸ் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏட்டி, அப்பிடியா கேக்கது? மன்னிச்சிக்கிடுங்க டீச்சர். ஆகஸ்டுல வந்துருவான்னு பிள்ளைட்ட சொல்லி வச்சிருந்தோம். பத்தொன்பதுதான் இருக்கு, இடத்த எடுத்துட்டா ஒடனே விட்டுருவாவன்னு ஜெபராணி சொல்லிச்சு. இப்ப இருபது ஆயிட்டாம்லா. பரவால்ல டீச்சர். ஒங்களுக்கும் ஆள் வேணும்லா."

ஜெபராணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். போனைக் கொடுத்தேன்.

இருபதுக்குக் கீழே போனால் அவள் இடம் போய்விடும் என்று எனக்குத் தெரியும். இடம் போனால் பதில் ஆள் தேவையில்லை, அவள் மறுநாளே ஊருக்குப் போகலாம் என்பதும் தெரியும். ஜூலை மூன்றாம் தேதியே தெரியும். இரண்டையும் சேர்த்து நினைக்கவில்லை, அவ்வளவுதான். இல்லை, அப்படி எழுதினால் அதுவும் ஜூன் ஐந்து மாதிரிதான். நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் எழுதினேன்.

அவளும் தெரிந்தேதான் அந்தப் பிள்ளையை உள்ளே கூட்டி உட்காரவைத்தாள். ரஷ்மிதாவின் பெயரைத் தன் கையாலேயே ஏற்றினாள். ஒரு வார்த்தை கேட்கவில்லையே இந்தப் பெண்.

ஜூலை 30, புதன்

வகுப்பு எடுக்கவில்லை. பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

என் மகனை ஐந்தாம் வகுப்பிலேயே விடுதியில் சேர்த்தேன். எட்டு வருடம், மாதத்துக்கு ஒரு ஞாயிறு, காலை பத்திலிருந்து நாலு வரை. முதல் வருடம் கேட் வரைக்கும் ஓடிவருவான். மூன்றாம் வருடம் நான் போனபோது கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான், ஆட்டம் முடிந்துதான் வந்தான். அன்றைக்கு நான் பெருமையாக நினைத்தேன், பிள்ளை பழகிக்கொண்டான் என்று.

ஜூலை 31, வியாழன்

பதிவேட்டில் ரஷ்மிதா பெயரின் மேல் சிவப்பு மையில் கோடு போட்டுச் சுருக்கொப்பம் வைத்தேன். குறிப்பு: வயது நிறைவடையவில்லை. பதிவேட்டில் தப்பான தேதி இருக்கக்கூடாது. அதுதான் காரணம்.

ஜெபராணியைக் கூப்பிட்டேன்.

"கம்ப்யூட்டர்லயும் எடுத்துரு கண்ணு."

"ஏன் டீச்சர்?"

"வயசு பத்தல."

"போன வாரம் பத்திச்சே."

"போன வாரம் எனக்குக் கணக்கு சரியா வரல."

"அந்தப் பிள்ள என்ன பண்ணும் டீச்சர்?"

"எப்பவும்போல வந்து உக்காரும். நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

"நீங்க தனியா எப்பிடி டீச்சர்? அஞ்சு வகுப்பு."

"பத்து மாசந்தானே. நீ எட்டு வருசம் இருந்தயே."

அவள் அழுதுவிட்டாள். எனக்கு அழுகிறவர்களைச் சமாதானப்படுத்தத் தெரியாது. மணி அடிக்கப் போய்விட்டேன், பத்து நிமிடம் முன்னதாகவே அடித்துவிட்டேன் என்று பாவாயி சொன்னாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

எண்ணிக்கை பத்தொன்பது. அனுப்பியாயிற்று.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை ஒன்பதேகாலுக்கு கோமதி தன் இரட்டையர்களைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். டவுன் பள்ளி வேன் இனி எங்கள் ஊருக்கு வராதாம், மெயின் ரோட்டோடு திரும்பிவிடுமாம். இரண்டு கிலோமீட்டர் யார் கொண்டுபோய் விடுவது?

"சேத்திக்குங் டீச்சர். அன்னிக்கு உங்கள வேற எடக்கா கேட்டுப்போட்டேன்."

"அதெல்லாம் மனசுல வச்சுக்கல. உள்ள போகச் சொல்லு."

பத்தொன்பதும் இரண்டும் இருபத்தொன்று. எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு மாதம் நாய் மாதிரி அலைந்தபோது வராத பிள்ளைகள், முடிந்த மூன்றாம் நாள் தாமாக நடந்து வந்து நிற்கின்றன.

விவரம் கேட்க அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எழுத்தர் நல்ல மனிதர், எனக்குப் பத்து வருடப் பழக்கம்.

"மேடம், நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க. லிஸ்ட் இன்னும் மேல போகல. சாயங்காலந்தான் போகுது. ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி சேந்ததா போட்டு அனுப்புங்க, நான் மாத்திக்கறேன். உங்க ரெண்டாவது போஸ்ட் தப்பிச்சுரும்."

"அப்படிப் பண்ணலாமா?"

"பிள்ளைங்க நெசமாவே இருக்குதில்ல மேடம்? மூணு நாளு. யாருக்கு என்ன நட்டம்?"

பிள்ளைகள் நிஜமாகத்தான் இருந்தார்கள். சன்னல் வழியாகப் பார்த்தேன். ஜெபராணி இரண்டு பேரையும் முதல் வரிசையில் உட்காரவைத்துப் பெயர் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தப் போன் விஷயம் தெரியாது. வாசலில் ரஷ்மிதா சிலேட்டோடு உட்கார்ந்திருந்தாள், உள்ளே வா என்றால் வரமாட்டேன் என்று அடம்.

சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தொரு பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர் வேண்டும். ஒருவர் போதாது. எனக்கும் தெரியும், அலுவலருக்கும் தெரியும். மூன்று நாள் முந்தைய தேதியை எழுதியிருந்தால் இந்தப் பிள்ளைகளுக்கு ஜெபராணி இருந்திருப்பாள். நான் செய்தது இவர்களுக்கு நல்லதில்லை. அக்சாவுக்கு நல்லது. இரண்டையும் ஒரே கையால் செய்ய எனக்குத் தெரியவில்லை.

"இன்னிக்குத்தான் சேந்தாங்க சார். தேதியத் தேதியாவே போடறேன்," என்றேன்.

"உங்க இஷ்டம் மேடம்," என்று வைத்துவிட்டார். இனி அவர் எனக்கு அவ்வளவு பழக்கமாக இருக்கமாட்டார்.

சேர்க்கை தேதி: ஆகஸ்ட் 4. என் சர்வீஸில் இவ்வளவு அழுத்தி ஒரு தேதியை எழுதியதில்லை, தாளின் பின்பக்கம் தடம் தெரிகிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஜெபராணி விடுவிப்பு. பிற்பகல் கையெழுத்துப் போட்டேன். பாவாயி பாயசம் வைத்தாள். பிள்ளைகள் ஆளுக்கொரு பூவைப் பிடுங்கிவந்து கொடுத்தார்கள், எல்லாம் பள்ளித் தோட்டத்துப் பூ, என்னைக் கேட்காமல் பறித்தது. நாளை கொடியேற்றத்துக்கு ஒரு செடியில்கூடப் பூ இல்லை.

வழக்கம்போல என் வண்டியில் பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டேன். இரண்டு பை, ஒரு சாக்கு. ஏறும்போது, "மூட்டுக்குத் தைலம் மேஜை இழுப்புல வச்சிருக்கேன் டீச்சர்," என்றாள்.

திரும்பும்போது மேட்டில் வண்டி லேசாக ஏறியது.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஐந்து வகுப்பும் ஒரே அறையில். தொண்டை கட்டிவிட்டது. நான்காம் வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாம் வகுப்புக்குச் சொல்லித்தர வைத்தேன். பிகாஷ் தன் தங்கைக்கு 'ஆ' சொல்லித்தருகிறான். அவள் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். வரவழைத்தது நான் இல்லை, வாசலில் வெயில்.

புதுச் சேர்க்கை நோட்டில் அடுத்த ஜூனுக்கு முதல் பெயராக அவளை எழுதிவைத்தேன். பிறந்த தேதிக்கு இடம் விட்டிருக்கிறேன், ஊரிலிருந்து சான்றிதழ் வரட்டும். சேர்க்கிறபோது நான் இருக்கமாட்டேன்.

மதியம் இரண்டு பேர் சாதம் டப்பாவில். பாதியைப் பாவாயிக்குக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

போன் அடித்தது. மகன் என்று நினைத்து எடுத்தேன், வீடியோ அழைப்பு. அக்சா. ஜெபராணியின் போனை அவளே எடுத்து அழுத்திக் கூப்பிட்டிருக்கிறாள்.

"பெரிய டீச்சர், ஜெபா திரும்ப ஒங்க ஸ்கூலுக்கு வருவாங்களா?"

"வரமாட்டாங்க கண்ணு."

"சத்தியமா?"

"சத்தியமா."

போனைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். படத்தில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் எங்கேயோ, "அம்மா," என்று அவள் கத்துவது கேட்டது.

"என்னட்டி?" என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தார்கள். அதில் ஒன்று ஜெபராணி.